வெளிச்சத்தைப் பற்றி முதலில் கேட்டேன்

பறக்கும் தட்டுப் படங்களை நான் பார்க்கத் தொடங்கியது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில். கேமரன் மலைக்குச் சுற்றுப்பயணிகள் வருவது அடியோடு நின்றுபோயிருந்தது. நான் வேலை செய்யும் கடை பூட்டிக் கிடந்தது. தேயிலைத் தோட்டத்தின் கடை அது. மலைச்சரிவைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டிய நீளமான கூடம். வருகிறவர்கள் தேநீரும் ஸ்ட்ராபெரி கேக்கும் சாப்பிட்டுவிட்டு, போகும்போது ஆளுக்கு ஒரு டின் தேயிலை வாங்கிப் போவார்கள். என் அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்த சரிவுதான் அந்த டின்னில் படமாக இருக்கிறது. இப்போது அங்கே பறிப்பவர்கள் வங்காளதேசத்துப் பிள்ளைகள். நான் மேலே கல்லாவில் நின்று படத்தை விற்கிறேன்.

என் கணவர் லோரி ஓட்டுநர். கியா பார்மிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்குப் போவார். கட்டுப்பாட்டுக் காலத்திலும் கோஸ் இல்லாமல் யாரும் இருக்க முடியாது என்பதால் அவருக்கு வேலை நிற்கவில்லை. மகன் ஜொகூரில் வேலையாக இருந்தான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நானும் கைப்பேசியும்தான்.

முதலில் பார்த்தது எகிப்துப் பிரமிடுகளைப் பற்றி ஏதோ ஒன்று. அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது. அதில் ஒரு வயதான வெள்ளைக்காரர், பழைய விமானப்படைக்காரர், ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். அரசாங்கத்திடம் பலமுறை கேட்டு வாங்கியதாம். அதில் பாதி வரிகளின்மேல் கறுப்பு மை பூசியிருந்தது. தான் வானத்தில் கண்டது என்னவென்று கூட இப்போது கேட்கவில்லை, எதற்காக மறைக்கிறீர்கள் என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்றார். நான் உருளைக்கிழங்கு தோல் சீவுவதை நிறுத்திவிட்டு அழுதேன்.

ஏன் அழுதேன் என்பது எனக்குத் தெரியும். என் அம்மா இதே தோட்டத்தில், இதே லயத்தில் பிறந்தவர். சாகும்வரை அவர் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு. குடியுரிமைக்கு எத்தனையோ தடவை எழுதிப் போட்டோம். ஒவ்வொரு முறையும் இல்லை என்று மட்டும் பதில் வந்தது. காரணம் என்னவென்று அலுவலக முகப்பில் கேட்டால், காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்றார்கள். அம்மா முகப்பில் இருந்த பெண்ணுக்கு "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியது நினைவிருக்கிறது. அந்த வெள்ளைக்காரர் பேசியபோது எங்கள் வீட்டு விஷயத்தைத்தான் பேசுகிறார் என்று தோன்றிவிட்டது.

அதன்பிறகு வரிசையாகப் பார்த்தேன். பாலைவனத்தில் விழுந்தது, ராடாரில் தெரிந்தது, வாய் திறந்ததால் வேலை போனவர்கள், வாய் திறக்காமலே இருந்து கடைசிக் காலத்தில் உளறியவர்கள். எல்லாவற்றையும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஏதோ தெரியும், நமக்குத்தான் சொல்வதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கடை மறுபடி திறந்ததும் கூட வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். தட்டு துடைத்துக்கொண்டே "ஓ, அப்டியாக்கா" என்பார்கள். நான் ஆர்வமாகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு நானே ஒன்றைப் பார்த்தேன்.

பொழுது சாய்ந்த நேரம். மழை வரும்போல இருந்ததால் கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே வந்தேன். தொழிற்சாலைக்கு அப்பால் உள்ள மேட்டின்மேல் மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு வெளிச்சம் நின்றது. பனிமூட்டம் அதைச் சுற்றிக் கலங்கியது. அது இடதுபக்கம் மெதுவாக நகர்ந்து, நின்று, சட்டென்று இல்லாமல் போனது. துணியைத் தோளில் போட்டபடி கைப்பேசியில் பிடித்தேன். பிடித்ததைப் போட்டுப் பார்த்தால் ஈரத்துணியில் மஞ்சள் கறை பட்டதுபோல் இருந்தது. இருந்தாலும் நான் கண்டேன். இதை எழுதும்போதும் அதை மாற்றிச் சொல்ல முடியவில்லை.

ஓர் அரசாங்க முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வரவில்லை. பதில் வராததே ஒரு பதில் என்று அந்தப் படங்களில் சொல்வார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து மண்டபத்தில் மக்கள் சந்திப்பு நடக்கப்போகிறது, தலைநகரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று அறிவித்தார்கள். அவர் எந்த இலாகா என்பதை எழுதப்போவதில்லை. எல்லா இலாகாவிலும் அவர்போல ஒருவர் இருப்பார்.

அறிவிப்பு ஒட்டிய அன்றே பக்கத்து வீட்டுக்காரி என்னைத் தேடி வந்தாள். என்னைவிட இளையவள். பிரிஞ்சாங்கில் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. புருஷன் இறந்துவிட்டான். அவளுக்கு ஒரே மகள். பிறந்த சில நாளிலேயே எடுத்து வளர்த்த பிள்ளை. பெற்றவள் யாரென்று சரியாகப் பதியாமல் கைமாறிய குழந்தை என்பதால் அந்தப் பெண்ணுக்கு ஐசி எனும் அடையாளக் கார்டு கிடைக்கவில்லை. பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண். மேலே படிக்க எந்தப் பக்கம் போனாலும் ஐசி எண் கேட்டார்கள். அம்மாக்காரி எழுதிப் போட்ட விண்ணப்பங்கள் காரணம் இல்லாமல் திரும்பி வந்தன. அந்தப் பதில்களை அவளுக்குப் படித்துச் சொன்னவள் நான்தான்.

"அக்கா, நீங்க பேசுங்களேன்," என்றாள். "எனக்கு மலாய்ல பேசுனாலே வாய் ஒட்டிக்கிது. அந்த மாதிரி ஆளு முன்னால நின்னா அழுதுருவேன்லா."

"நான் பேசுறேன். நீ அந்த விண்ணப்ப பைலத் தூக்கிக்கிட்டு எம் பக்கத்துல நின்னா போதும்."

"மறந்துறாதீங்கக்கா."

"இத மறப்பேனா? எங்கம்மாவுக்கு நடந்தத நான் பாத்தவ."

மறக்கத்தான் இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

சந்திப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலை ஒட்டிய மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மேசையில் தட்டுத்தட்டாக மீகூன் எனும் அரிசிச் சேமியாவும் கோழிக்கறியும் மூடி வைத்திருந்தார்கள். வாரக் கடைசி நெரிசலில் அதிகாரியின் கார் மாட்டிக்கொண்டதால் அவர் வர நேரமாகிவிட்டது. பாத்திக் சட்டை, நல்ல சிரித்த முகம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். நிகழ்ச்சியை நடத்திய நம்மாள், நேரம் குறைவு, சுருக்கமாகக் கேளுங்கள் என்று சொல்லி மைக்கை நீட்டினார். ஒருவர் சாக்கடை அடைப்பைப் பற்றிக் கேட்டார். அதிகாரி குறித்துக்கொள்ளச் சொன்னார். அடுத்து நான் எழுந்தேன்.

என்னிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. என் கேள்வியைப் பல நாளாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் மலாயில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவளுடைய கேள்வியை முந்தின நாள்தான் ஒத்திகை பார்த்தேன். மைக் இருக்கும் இடத்துக்கு நடந்துபோகும்போது மனதில் ஓடியது இதுதான்: என்னுடையது சின்னக் கேள்வி, அதைச் சட்டென்று கேட்டுவிட்டு அவளுடையதற்குப் போகலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கேள்விதான் பெரியது என்று நினைத்தேன். அரசாங்கத்து ஆளை ஊர் முன்னால் நிறுத்தி நேருக்கு நேராகக் கேட்டால் அவரால் மழுப்ப முடியாது என்று எத்தனை படங்களில் பார்த்திருக்கிறேன்.

தொழிற்சாலைக்குப் பின்னால் மேட்டின்மேல் ஒரு வெளிச்சம் கண்டேன், அது என்ன, அரசாங்கத்துக்கு அதைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "வெளிச்சமா, புவான்? என்ன நிறம்?" என்றார் மலாயில். புவான் என்றால் அம்மா என்று மரியாதையாக அழைப்பது.

நான் நிறம் சொன்னேன்.

"சத்தம் கேட்டதா?"

இல்லை என்றேன்.

"உள்ளே யாராவது தெரிந்தார்களா?"

மண்டபம் சிரித்தது. எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்துக் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினேன். மற்ற நாடுகளில் காகிதங்களில் மை பூசி மறைக்கிறார்கள், இங்கேயும் அப்படித்தானா, மக்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா என்று கேட்டேன். என் குரல் ஏறியது. நன்றாகப் பேசுகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் அப்படி நின்றபோது நான் சந்தோஷமாக இருந்தேன்.

அதிகாரி மைக்கை வாயருகே கொண்டுபோய், "அடுத்த முறை அவர்கள் வந்தால், முதலில் உங்கள் கடையில் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், புவான்," என்றார்.

சிரிப்பில் கூரைத்தகரம் அதிர்ந்தது. நிகழ்ச்சி நடத்தியவர் ஓடிவந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"சரி, நல்ல சிரிப்போட முடிச்சிக்குவோம். சாப்பாடு ஆறுது."

"இன்னொரு கேள்வி இருக்கு. இதான் முக்கியம்," என்றேன்.

"அதையும் மேல உள்ளவங்ககிட்டயே கேட்டுருங்கக்கா," என்று விரலை வானத்துக்குக் காட்டினார். மறுபடி சிரிப்பு. நாற்காலிகள் நகர்ந்தன. மீகூன் தட்டைத் திறந்துவிட்டார்கள்.

திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரி எனக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றிருந்தாள். தீபாவளிக்கு எடுத்த புடவை கட்டியிருந்தாள். பைலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். மூன்றாவது வரிசையில் அவள் மகள் தலையைக் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரியிடம் போக முயன்றேன். அவரைச் சுற்றிப் படம் எடுக்கிறவர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் வாசலுக்குப் போவதற்குள் கார்க்கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் கண்ணாடி வழியாக எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது தாயும் மகளும் எனக்கு முன்னால் போனார்கள். நான் வேகமாக நடந்து அவளைப் பிடித்தேன். அவள் பெயரை மட்டும் சொன்னேன்.

"பரவால்லக்கா," என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மகன் ஜொகூரிலிருந்து அழைத்தான். "அம்மா, என்னம்மா இது? ஆபீஸ்ல எல்லாரும் பாக்குறாங்க." யாரோ காணொளி எடுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குப் பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள். நான் கைப்பேசியைத் தூக்கிக் காட்டும் இடத்தில் என் தலைக்குமேல் பச்சை நிறத்தில் ஒரு தட்டு சுற்றியது. அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யாராவது ஏதாச்சும் கேட்டா பேசாம இருந்துரு, என்னா" என்று தணிந்த குரலில் சொன்னான். வயதானவர்களிடம் பேசுகிற குரல் அது. என் மகன் அப்படி என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை.

பள்ளிப் பிள்ளைகள் என்னைக் கண்டால் விரலைத் தலையில் வைத்து "பீப் பீப்" என்றார்கள். கடைக்கு வந்தவர்களில் சிலர் அடையாளம் கண்டு படம் எடுக்கக் கேட்டார்கள். கடை மேற்பார்வையாளருக்கு அது பிடித்துப்போய், கல்லாவுக்குப் பக்கத்தில் பச்சைத்தலைப் பொம்மை ஒன்றை ஒட்டினார். கூட்டம் வருதுல்ல, விடுங்க என்றார். நான் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மீதிச் சில்லறை கொடுத்தேன்.

இதெல்லாம் ஒரு பக்கம். தாங்கிக்கொள்ளலாம். என்னைத் தின்றது அந்தக் காணொளியின் கடைசிப் பகுதி. மைக்கைப் பிடுங்கும்போது படம் எடுத்தவனின் கை அசைந்து, எனக்குப் பின்னால் பைலோடு நிற்பவள் தெரிகிறாள். அவள் வாய் திறக்கிறாள். ஏதோ சொல்லப் பார்க்கிறாள். உடனே படம் முடிந்துவிடுகிறது. கீழே எழுதியிருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவள் கூப்பிட்டது என்னையா, அதிகாரியையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவளிடம் கேட்கவும் முகமில்லை.

என் கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருக்கு ஓய்வான ஒரு நாள், சாயங்காலம், "வா, ஒரு எடத்துக்குப் போயிட்டு வருவோம்" என்று லோரியில் ஏற்றினார். காலி லோரி கியா பார்ம் தாண்டி மேடேறியது. ஒரு வளைவில் நிறுத்தி இறங்கச் சொன்னார். கீழே சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூடாரங்கள். இருட்டத் தொடங்கியதும் அவற்றுக்குள் வரிசையாக விளக்குகள் எரிந்தன. பனிமூட்டம் மேலே மஞ்சளாகிப் போனது.

"செவ்வந்தித் தோட்டம்," என்றார். "வெளக்கு போட்டா பூக்காம தண்டு நீளமா வளரும். போதும்னு வெளக்க நிறுத்துனா அப்பறம் பூக்கும். சந்தைக்கு ஏத்த மாதிரி செய்றானுங்க. நீ பாத்தது இதான்னு நெனைக்கிறேன். பனி இருந்தா தூரத்துல அப்டித்தான் தெரியும்."

நான் கண்டது வேறு திசையில். அது நகர்ந்தது. இந்தத் தோட்டம் எங்கள் லயத்திலிருந்து தெரிவதற்கு வழியே இல்லை. இடையில் ஒரு மலையே இருக்கிறது. மலைப்பாதையில் பாதி ஆயுளை ஓட்டியவருக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனாலும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க. இதேதான்," என்றேன்.

அவருக்கு மூச்சு வந்தது. பாதையோரக் கடையில் அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தார். லோரிக்குள் உட்கார்ந்து தின்றோம்.

"ஒங்கள யாராச்சும் கிண்டல் பண்றாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

காய்கறி ஏற்றும் கொட்டகையில் மற்ற ஓட்டுநர்களோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பதை அவர் நிறுத்திவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. சாமான் ஏற்றி முடிக்கும்வரை லோரிக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாராம். காய்கறிக் கடைக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார்.

ஒரு நாள் துணிந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பக்கத்து ஊர் தானா ராத்தாவில் அந்த அதிகாரிக்கு ஒரு கிளை அலுவலகம் இருக்கிறது, மாதத்தில் சில நாள் அவரே வருவார், நான் கூட வருகிறேன் என்று சொன்னேன். வாசலிலேயே நின்று சொன்னேன். அவள் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

"வேணாக்கா. ஒங்களுக்குச் செரமம்," என்றாள்.

செரமம் என்றால் என்ன பொருள் என்பது இருவருக்கும் புரிந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடியும் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொள்ள அவள் தயாராக இல்லை. உள்ளேயிருந்து மகள்தான் பேசினாள்.

"போலாம்மா. நம்ம ரெண்டு பேரும் போனா முகப்புலயே திருப்பி அனுப்பிருவாங்க. அன்ட்டி நல்லா மலாய் பேசுவாங்க."

மூவரும் பேருந்தில் போனோம். கடைவரிசையின் மாடியில் அலுவலகம். முகப்பில் இருந்த பெண், முன்பதிவு இல்லாமல் பார்க்க முடியாது, இணையத்தில் பதிந்துவிட்டு வாருங்கள் என்றாள். நான் விளக்கிச் சொன்னேன். அதையே திரும்பச் சொன்னாள். வெளியே வந்து படியருகே நின்றோம். பக்கத்து வீட்டுக்காரி பைலின் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

அப்போது பிளாஸ்டிக் பையில் தே தாரே எனும் பால்தேநீர் வாங்கிக்கொண்டு ஓர் இளைஞன் படியேறி வந்தான். கழுத்தில் அட்டை தொங்கியது. நம்மவன்தான். என்னைத் தாண்டிப் போனவன் நின்றான்.

"எஹ்! நீங்க அந்த யூஎஃப்ஓ அக்காதானே?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நின்ற அம்மாவையும் மகளையும் பார்த்தேன். "ஆமா தம்பி, நான்தான்," என்றேன்.

அவனுக்குக் கொள்ளாத சந்தோஷம். அதிகாரியின் உதவியாளன் அவன். உள்ளேயிருந்து நாலைந்து பேரைக் கூப்பிட்டான். முகப்பில் இருந்த பெண்ணும் கைப்பேசியோடு வந்தாள். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

"அக்கா, ரெண்டு விரல தலைக்கு மேல கொம்பு மாதிரி வைங்கக்கா. ஒரே ஒரு படம்."

வைத்தேன். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். இன்னொரு முறை வைக்கச் சொன்னார்கள், அதையும் செய்தேன். படம் சரியாக வந்ததா என்று பார்த்தபிறகு அவன் கேட்டான், "ஆமா, என்ன விஷயமா வந்தீங்க?"

அதிகாரி உள்ளேதான் இருந்தார். தேநீர் புவான் என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். பிறகு பைலை அவர் முன்னால் வைத்துப் பேசினேன். இந்த முறை ஒரே ஒரு கேள்வி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தார். படிக்கும்போது அவர் வேறு ஆளாக இருந்தார். பெண்ணிடம் என்ன படிக்க விருப்பம் என்று கேட்டார். ஆதரவுக் கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார், மாநிலத் தலைநகர் குவாந்தானில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொன்னார், அந்த ஆளிடம் எங்கள் முன்னாலேயே தொலைபேசியில் பேசினார். இத்தனை வருடம் அவள் ஏறி இறங்கியும் நடக்காதது, ஒரு தேநீர் ஆறுவதற்குள் நடந்துவிட்டது.

படியிறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் எங்களுக்குப் பின்னால் வந்தாள். பேருந்து நிலையத்தில் அம்மா தண்ணீர் வாங்கப் போனபோது என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்ட்டி, நீங்க அப்டிக் கொம்பு வச்சுக் காட்டிருக்க வேணாம்."

"ஒனக்காகத்தான் பாப்பா."

"தெரியும். அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு." அவள் சாலையைப் பார்த்தபடி பேசினாள். "எனக்கு ஐசி கெடைக்கணும்னா யாராச்சும் கோமாளி ஆவணுமா? நான் இங்கதானே வளந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டாள். என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் விட்டேன். மண்டபத்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றும் தோன்றியது. அதற்குள் அவள் அம்மா தண்ணீர்ப் போத்தலோடு வந்துவிட்டாள். பேருந்தில் நான் முன்னிருக்கையில் தனியாக உட்கார்ந்தேன். அந்தப் படம் அன்று மாலையே இணையத்தில் வந்துவிட்டது. கொம்பு வைத்த என் விரல்களுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரியின் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள்.

குவாந்தானுக்கு அவர்கள் பலமுறை போய்வந்தார்கள். ஒருமுறை என் கணவரே காரை இரவல் வாங்கி ஓட்டிப் போனார். நேர்காணல் நடந்தது, மறுபடி நேர்காணல், பிறகு வெகுநாள் ஒன்றுமில்லை. அந்த நாட்களில் பெண் பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரிப் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனாள். காலையில் அவள் எங்கள் வாசலைத் தாண்டும்போது நான் அடுப்படியில் இருப்பதுபோல் இருந்துகொள்வேன். கடைசியில் ஒரு நாள் கிடைத்துவிட்டது. முன்பு ஏன் மறுத்தார்கள், இப்போது ஏன் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதிகாரியின் தொலைபேசி காரணமா, பிள்ளையின் மதிப்பெண்ணா, வேறு ஏதாவது மாறியதா, எதுவும் தெரியாது. என் கூத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

ஆனால் அவள் அம்மா ஊரெல்லாம் அப்படிச் சொல்லவில்லை. "அக்கா இல்லன்னா எம் புள்ளைக்கு ஐசி ஏது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். யாராவது அந்த மண்டபத்துக் கதையை எடுத்தால், "அதுனாலதானே அவங்களுக்கு அக்காவத் தெரிஞ்சிச்சு, எல்லாம் ஒரு கணக்காத்தான் நடந்துருக்கு" என்பாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நான் தவறு செய்ததாகவே அவள் நினைவில் இப்போது இல்லை. அவள் அப்படிப் பேசும்போதெல்லாம் எனக்கு எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாது. என் கணவர் மறுபடி ஓட்டுநர்களோடு உட்காரத் தொடங்கியிருந்தார். அதுமட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நான் இன்னும் அந்தப் படங்களைப் பார்க்கிறேன். காதில் மாட்டிக்கொண்டு, கணவர் இல்லாத நேரத்தில். யாரிடமும் பேசுவதில்லை.

பெண்ணுக்கு ஈப்போவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை வைத்து, கேசரியும் கடலையும் செய்து கொடுத்தார்கள். பூசை முடிந்ததும் அம்மாக்காரி என் கையைப் பிடித்து இழுத்துப்போய் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள்.

"இவங்களாலதான்," என்றாள்.

சிலர் கைதட்டினார்கள். ஒரு சின்னப் பையன் விரலைத் தலையில் வைத்துக் காட்டினான். அவன் அம்மா அவன் கையில் அடித்தாள். நான் கும்பிட்டுவிட்டு, தட்டுகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். அழுக்குத் தட்டு அவ்வளவு ஒன்றும் சேரவில்லை. இருந்தாலும் கழுவினேன்.

கொஞ்ச நேரத்தில் பெண் வந்தாள். கொடியில் கிடந்த துணியை எடுத்து, நான் கழுவி வைத்த தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். விடுதியில் மூன்று பேருக்கு ஓர் அறையாம். ஒரு பெண்ணுக்கு ஊர் தாப்பாவாம், இன்னொருத்தி யாரென்று தெரியவில்லையாம். குளிருக்கு எடுத்துப்போக ஒன்றும் வேண்டாம், அங்கே வேர்த்துக் கொட்டும் என்று சொல்லி அம்மாவோடு சண்டையாம்.

"இருந்தாலும் ஒரு சுவெட்டர் எடுத்துக்க," என்றேன்.

"சரி அன்ட்டி," என்றாள். அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினாள்.